கோலாவின் எடை 4 கிலோவா, 15 கிலோவா?

கேட்கப்பட்டது இது: “ஓரிடத்தில் கோலாவின் எடை 4 கிலோ என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 15 கிலோ என்று இருக்கிறது. எது சரி? அதன் உடலமைப்பு எப்படி? அது கரடி வகையா, இல்லையா?”

இரண்டு எண்ணுமே சரி. எந்தப் பகுதிக் கோலா, ஆணா பெண்ணா என்ற இரண்டு விவரமும் இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துப் போடுவதால்தான் குழப்பம். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம் முழுக்க, வடக்கே குயின்ஸ்லாந்தில் தொடங்கி நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியா வரை கோலா இருக்கிறது. தெற்கே போகப் போக ஆள் பெருத்துக்கொண்டே போகும். விக்டோரியாவில் வளர்ந்த ஆண் சராசரியாக 12 கிலோ, பெண் எட்டரை கிலோ. குயின்ஸ்லாந்தில் ஆண் ஆறரை கிலோ, பெண் 5 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது குயின்ஸ்லாந்து ஆண் கோலா, விக்டோரியாப் பெண் கோலாவைவிட இளைத்தது. “ஆண் பெரியது, பெண் சிறியது” என்ற வழக்கமான வரி ஒரே ஊருக்குள் மட்டும்தான் செல்லும். 4 கிலோ என்பது வடக்கத்திச் சிறிய பெண்ணின் எடை. 15 கிலோ என்பது தெற்கத்திப் பெரிய ஆண். கையில் தூக்கினால் ஒன்று ஐந்து கிலோ அரிசிப் பைகூடத் தேறாது, மற்றது பத்துக் கிலோப் பையை மிஞ்சிய சுமை.

காரணம் குளிர். உடம்பு பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிட்டால் வெளித்தோலின் பரப்பு குறைகிறது. சூடு வெளியேறும் வழியும் அந்த அளவுக்குக் குறைகிறது. விக்டோரியாவின் குளிர்காலத்துக்குப் பெரிய உடம்பும் அடர்ந்த ரோமமும் லாபம். குயின்ஸ்லாந்தின் வெயிலுக்குச் சின்ன உடம்பும் குட்டை ரோமமும் லாபம். இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் முன்பு கோலாவை மூன்று துணையினங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவைத் தாங்கவில்லை. வடக்கிலிருந்து தெற்குவரை எடை படிப்படியாக ஏறுகிறதே தவிர, ‘இங்கே ஒரு இனம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது’ என்று கோடு போட இடமில்லை.

நீளம் 60 முதல் 85 செ.மீ. இது மூக்கு நுனியிலிருந்து பிட்டம் வரை. வால் இல்லை, தோலுக்கடியில் அதன் மிச்சம் மட்டும் உண்டு. இந்த நீள எண்ணை அதிகம் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கோலாவின் முதுகு வில் மாதிரி வளைந்தது. நாடாவை முதுகின் மேல் ஓட்டினால் ஓர் அளவு வரும், நேர்கோட்டில் அளந்தால் வேறொன்று வரும். மயக்கத்தில் தளர்ந்து கிடந்தால் நீளும், விழித்துச் சுருண்டால் குறையும். ஆகவே களத்தில் வேலை செய்பவர்கள் எலும்பை நம்புகிறார்கள்: மண்டையின் பின்பக்கத்திலிருந்து மூக்கு வரை தலையின் நீளத்தைக் காலிப்பர் என்ற கவ்வு அளவுகோலை வைத்து எடுப்பார்கள். அதோடு எடை.

எடை எடுப்பதும் லேசான வேலை இல்லை. நீண்ட கம்பின் நுனியில் துணியையோ பிளாஸ்டிக் பையையோ கட்டி, மரத்தில் இருக்கும் கோலாவின் தலைக்கு மேலே ஆட்டுவார்கள். அதற்குப் பிடிக்காமல் பின்பக்கமாகக் கீழே இறங்கும். இறங்கியதைத் தடித்த துணிப்பையில் போட்டு, பையோடு தராசில் தொங்கவிட்டு, பையின் எடையைக் கழிக்க வேண்டும். இங்கே நடக்கும் பிழைகள் மூன்று. மழையில் நனைந்த ரோமம் எடையைக் கூட்டிக் காட்டும். வயிறு நிறைய இலை இருந்தாலும் கூட்டிக் காட்டும். பெண்ணின் பைக்குள் குட்டி இருப்பதைக் கவனிக்காமல் விட்டால், அந்த எடையும் தாயின் கணக்கில் சேர்ந்துவிடும்.

எடையைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. கோலா பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், அத்தனையும் ரோமம். தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. பட்டினியில் கிடக்கும் கோலாவும் படத்தில் பொம்மை மாதிரிதான் தெரியும். அதனால் கால்நடை மருத்துவர்கள் தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்த எலும்பின் நடுவில் மேடு ஒன்று ஓடும். அதன் இரு பக்கமும் சதை உருண்டு நின்றால் நல்ல உடம்பு. தட்டையாக இருந்தால் சுமார். குழி விழுந்து மேடு கூர்மையாகக் கையில் தட்டுப்பட்டால் நிலைமை மோசம். ஒரே 7 கிலோ, குயின்ஸ்லாந்து ஆணுக்கு நல்ல எடை, விக்டோரியா ஆணுக்கு ஆபத்து. தோள்பட்டைதான் உண்மையைச் சொல்லும்.

கரடிக் கேள்விக்கு வருகிறேன். கரடி இல்லை. பெயரால் வந்த வினை அது: அறிவியல் பெயரான ‘பாஸ்கோலார்க்டஸ் சினேரியஸ்’ என்பதற்கே ‘பையுள்ள கரடி, சாம்பல் நிறம்’ என்றுதான் பொருள். ஐரோப்பியர்கள் முதலில் பார்த்தபோது கரடிக்குட்டி மாதிரித் தெரிந்தது, அவ்வளவுதான். இது குட்டியைப் பையில் வளர்க்கும் பைப்பாலூட்டி. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் இதற்கு மிக நெருங்கிய உறவு வோம்பாட் என்ற மண் தோண்டும் பிராணி. அந்த உறவின் தடயம் கோலாவின் உடம்பில் ஓரிடத்தில் நன்றாகத் தெரிகிறது. கங்காருவின் பை மேலே பார்த்துத் திறக்கும். கோலாவின் பை கீழ்ப்பக்கமாக, வெளிநோக்கித் திறக்கும். மண் தோண்டும்போது பைக்குள் மண் விழாமலிருக்க வோம்பாட்டுக்கு அது வசதி. மரமேறிக்கு அது பொருத்தமே இல்லை. ஆனாலும் முன்னோரிடமிருந்து வந்ததை மாற்றிக்கொள்ள முடியவில்லை. பையின் வாயைச் சுருக்கிப் பிடிக்கும் வலுவான தசை இருப்பதால் குட்டி விழுவதில்லை. சுருக்குப் பையை இழுத்துக் கட்டியது போல.

ரோமத்தைப் பார்த்தால், முதுகும் வயிறும் இரண்டு வேறு விலங்குகளுடையவை போலிருக்கும். முதுகில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 54 மயிர்கள், வயிற்றில் சுமார் 13. மரக்கிளையில் முதுகைக் காட்டிச் சுருண்டு உட்காரும் விலங்குக்கு மழையும் காற்றும் முதுகில்தான் விழும். பைப்பாலூட்டிகளிலேயே சூட்டை மிக நன்றாகக் காக்கும் ரோமம் இதன் முதுகு ரோமம்தான். வயிற்று ரோமம் மெல்லியது, வெளிறியது. நிறம் வடக்கே வெளிர்சாம்பல். தெற்கே கருஞ்சாம்பலோடு பழுப்பு கலந்தது. பிட்டத்தில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது கிளை, இலை, வெளிச்சம் எல்லாவற்றோடும் கலந்து போகும். நேரடியாகத் தலைக்கு மேலே ஒன்று உட்கார்ந்திருந்தும் பார்க்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

வயிறு மெல்லியதாக இருப்பதற்குக் கோடையில் ஒரு பயன் உண்டு. வெயில் உச்சத்தில் கோலா கிளையின் நுனியிலிருந்து இறங்கி, அடிமரத்தை வயிறு ஒட்டக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். அது ஏன் என்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது: கடும் வெயிலில் அடிமரம் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது, சில மரங்களில் 9 டிகிரி வரை. உடம்புச் சூடு மரத்துக்குள் இறங்கிவிடுவதால், மூச்சிரைத்தும் ரோமத்தை நக்கியும் செலவாகும் நீரில் ஏறக்குறைய பாதி மிச்சமாகிறது. தனக்கு உணவே தராத வேல மரங்களிலும் கோடையில் கோலா உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். அவை இன்னும் குளிர்ந்தவை. ஆகவே காட்டை மீட்கிறவர்கள் தீனி மரங்களை மட்டும் நட்டுவிட்டுப் போனால் போதாது.

கிளைக் கவட்டில் நாள் முழுக்க உட்கார்வதற்கென்றே பின்பக்கம் அமைந்திருக்கிறது. பிட்டத்தில் குருத்தெலும்பு போன்ற திண்டு, அதன்மேல் அடர்ந்த ரோமம். விலா எலும்புகள் 11 ஜோடி மட்டும். பெரும்பாலான பைப்பாலூட்டிகளுக்கு 13. வளைந்த முதுகும் குறைந்த விலாவும் சேர்ந்து உடம்பைப் பந்தாகச் சுருட்ட உதவுகின்றன. பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனம் என்று படும், ஆனால் கவட்டில் ஒட்டி உட்கார இதைவிட நல்ல வடிவம் கிடையாது.

இனி கையும் காலும். கோலாவை வரைகிறவர்கள் தவறாமல் சறுக்குகிற இடம் இது. பலர் நாய்ப் பாதத்தை வரைந்துவிடுகிறார்கள். முன்கையில் ஐந்து விரல்கள். நமக்கு ஒரு கட்டைவிரல் மற்ற நான்குக்கு எதிராக மடங்கும். கோலாவுக்கு முதல் இரண்டு விரல்கள் ஒரு பக்கம், மிச்சம் மூன்றும் எதிர்ப்பக்கம். இடுக்கி மாதிரிக் கிளையைக் கவ்வும். ஐந்திலும் கூரிய வளைந்த நகம். பின்காலில் கட்டைவிரல் தடித்து, பக்கவாட்டில் விலகி நிற்கும். அதற்கு நகமே கிடையாது. அடுத்த இரண்டு விரல்கள் ஒட்டிப் பிறந்தவை. ஒரே விரல் போலத் தெரியும், ஆனால் நுனியில் இரண்டு நகம். அதுதான் கோலாவின் சீப்பு. ரோமத்தைக் கோதுவதும் உண்ணி எடுப்பதும் அதால்தான்.

விரல் நுனியில் ரேகை உண்டு. மனித ரேகையோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்தது என்று 1990-களில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாச்சேய் ஹென்னபெர்க்கின் குழு காட்டியது. மனிதருக்கும் கோலாவுக்கும் பொது மூதாதை எங்கோ வெகு தொலைவில். இரண்டும் தனித்தனியாகவே ரேகையைப் பெற்றிருக்கின்றன. பொருளைப் பிடிக்கவும், இலையைத் தடவித் தரம் பார்க்கவும் ரேகை உதவுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

ஏறும் விதம் தனி. வழுவழுப்பான தண்டில் முன்கை நகங்களை ஊன்றி, இரண்டு பின்கால்களையும் சேர்த்து ஒரே எம்பாக மேலே இழுக்கும். பின்காலின் தொடைத் தசை, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் வழக்கத்தைவிடக் கீழே போய் இணைந்திருக்கிறது. நெம்புகோலின் நீளம் கூடுவதால் எம்பும் பலம் கூடுகிறது. முன்காலும் பின்காலும் கிட்டத்தட்ட ஒரே நீளம். இறங்கும்போது பிட்டம் முன்னால், தலை பின்னால். தரையில் நடை அவலட்சணம்தான், ஆனால் விரட்டினால் சிறிது தூரம் நன்றாகவே ஓடும். நாயும் காரும் அதைப் பிடிப்பது இந்தத் தரைப் பயணங்களில்தான்.

முகத்தில் முதலில் தெரிவது மூக்கு: பெரிதாக, தோல் போல, ரோமமில்லாமல். அது அலங்காரமில்லை. யூகலிப்டஸ் இலையில் நஞ்சு இருக்கிறது, இலைக்கு இலை, மரத்துக்கு மரம் அளவு மாறும். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைக்கும். கண் சிறியது, கண்மணி பூனைக்குப் போல நெடுக்காகக் கீறிய பிளவு. மூளை அந்த உடம்புக்கு மிகச் சிறியது, 20 கிராம் அளவில்தான். அதன் மேற்பரப்பும் மடிப்புகள் அதிகமில்லாமல் வழுவழுப்பானது. ‘மண்டைக்குள் பாதி தண்ணீர்தான்’ என்று ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். திரவத்தில் ஊறவைத்த பழைய மாதிரிகளில் மூளை சுருங்கிப்போனதைப் பார்த்துச் சொன்னது அது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளை மண்டையின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கிறது. சிறியது என்பது உண்மை, காலியானது என்பது பொய்.

மூளை சிறுத்ததற்கும், நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்குவதற்கும் ஒரே வேர்: தீனி. யூகலிப்டஸ் இலையில் நார் அதிகம், புரதம் குறைவு, நஞ்சு உண்டு. ஊட்டியில் நீலகிரித் தைலம் காய்ச்சுகிற அதே தைல மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த மரம் அது. விக்டோரியாவில் கோலாக்கள் அதன் இலையையும் தின்கின்றன. நாம் மூக்கடைப்புக்கு ஒரு சொட்டு மோந்து பார்ப்பதை அவை ஒரு நாளில் அரைக் கிலோ வரை இலையாகவே உள்ளே தள்ளுகின்றன. ‘அந்தப் போதையில்தான் தூங்குகிறது’ என்பதும் கட்டுக்கதை. ஈரல் நஞ்சைப் பிரித்து வெளியேற்றிவிடும்; அந்த நொதிகளுக்கான மரபணுக்கள் கோலாவில் பெருகியிருப்பதை 2018-இல் வெளியான முழு மரபணு வரிசை காட்டியது. தூக்கம் போதையால் அல்ல, சிக்கனத்தால். வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை அணைத்து வைப்பது மாதிரி.

இந்தத் தீனியைச் செரிக்க உள்ளே ஒரு பெரிய பானை இருக்கிறது. நமக்குக் குடல்வால் தொங்குகிற இடத்தில் இருப்பது குருட்டுக்குடல், விரல் நீளம் கூடத் தேறாது. கோலாவுக்கு அது 2 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம் வரை. அரைபட்ட இலைக்கூழ் அதில் நாள்கணக்கில் ஊறும், நுண்ணுயிர்கள் அதை உடைக்கும். 80 செ.மீ. விலங்குக்குள் 2 மீட்டர் குழாய்! கோலா தொப்பையோடு தெரிவதற்கு ரோமம் பாதிக் காரணம் என்றால், இது மீதிக் காரணம்.

ஆணையும் பெண்ணையும் தூரத்திலேயே பிரிக்கலாம். ஆணின் முகம் அகலம், மூக்குத்தண்டு புடைத்தது. நெஞ்சின் நடுவில் பழுப்புக் கறை படிந்த வழுக்கைத் திட்டு இருக்கும். அது வாசனைச் சுரப்பி. மரத்தில் நெஞ்சைத் தேய்த்து ‘இது என் இடம்’ என்று எழுதிவைக்கும். பெண்ணின் நெஞ்சு வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். பைக்குள் இரண்டு முலைக்காம்புகள். இன்னொரு விவரம்: தெற்கு ஆஸ்திரேலியாவில், வெகு சில கோலாக்களிலிருந்து பெருகிய கூட்டங்களில், சில ஆண்களுக்கு விரை சரியாக வளர்வதில்லை. சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகியதன் விலை அது.

ஆணின் குரல் அளவுக்கு மீறியது. மூச்சை இழுக்கும்போது குறட்டை, விடும்போது ஏப்பம் என்று மாறி மாறி உறுமும். அந்த உடம்புக்கு வர வேண்டிய சுருதியைவிட இருபது மடங்கு கீழே, கிட்டத்தட்ட யானைக்குரிய அளவில் இருக்கும். எப்படி என்பது 2013-இல் தெரிந்தது: குரல்வளையில் இருக்கும் குரல்நாண்கள் போதாதென்று, அதற்கு வெளியே மென்னண்ணத்தருகில், அதாவது வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதியருகில், இன்னொரு ஜோடி தடித்த மடிப்புகள் இருக்கின்றன. இரவில் இந்தச் சத்தத்தைக் கேட்பவர்கள் காட்டுப்பன்றி என்று நினைப்பதுண்டு.

இவ்வளவு பெரிய குரல் உள்ள விலங்கு, பிறக்கும்போது அரை கிராம். ஒற்றை வேர்க்கடலைப் பருப்பின் எடை. நீளம் 2 செ.மீ. கூட இராது. கருவில் இருப்பது 35 நாட்கள்தான். மனிதக் குழந்தை தாயின் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு. 6 கிலோ கோலாவின் குட்டி தாயின் எடையில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண் இல்லை, காது இல்லை, ரோமம் இல்லை. முன்கையும் வாயும் மட்டும் தயார். அந்தக் கையால் ரோமத்தைப் பிடித்துத் தானாகவே பைக்குள் போய், காம்பைக் கவ்வும். காம்பு வாய்க்குள் வீங்கிக்கொள்வதால் பிடி விடாது.

கண் திறப்பது ஐந்தரை மாத வாக்கில். அப்போதிலிருந்து பைக்கு வெளியே தலையை நீட்டி, தாயின் ஆசனவாயிலிருந்து வரும் மென்கூழைத் தின்னும். அது சாதாரணப் புழுக்கை அல்ல, குருட்டுக்குடலிலிருந்து வரும் நுண்ணுயிர்க் கூழ். இது கிடைக்காத குட்டியால் யூகலிப்டஸைச் செரிக்க முடியாது. அனாதைக் குட்டிகளை வளர்க்கும் மையங்கள் வேறொரு நலமான கோலாவின் கூழை எடுத்துக் கொடுப்பது இதனால்தான். பை கீழ்ப்பக்கம் திறப்பதில் கிடைக்கும் ஒரே ஆதாயமும் இங்கேதான்: குட்டி எட்டுகிற தூரத்தில் கூழ். ஏழாம் மாதம் பையை விட்டு வெளியே வந்து தாயின் முதுகுக்கு மாறும். ஒரு வயதுவரை அங்கேதான். பெண் இரண்டு வயதிலிருந்து ஈனத் தொடங்கும். ஆண் முழு எடைக்கு வர நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும். எடை ஒப்பிடும்போது இதையும் கவனிக்க வேண்டும்: இரண்டரை வயது ஆணை அளந்துவிட்டு ‘ஆண் கோலா 7 கிலோ’ என்று எழுதினால் விக்டோரியாவில் அது பாதிக் கணக்கு.

எடையின் ஏற்றம் அதோடு நிற்கும். இறக்கத்தைத் தீர்மானிப்பது பல். மொத்தம் 30 பற்கள். முன்னால் இலையைக் கத்தரிக்கும் வெட்டுப்பற்கள், நடுவில் பல்லில்லாத இடைவெளி, பின்னால் அரைக்கும் கடைவாய்ப் பற்கள். அந்தக் கடைவாய்ப் பற்களின் முகடுகள் புதிதில் கத்தி போல இருக்கும். நார் நிறைந்த இலையை வருடக்கணக்கில் அரைத்து அரைத்து மழுங்கும், மறுபடி முளைக்காது. கோலாவின் வயதை மதிப்பிடுகிறவர்கள் வாயைத் திறந்து மேல் கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைத்தான் பார்க்கிறார்கள். முகடு கூர்மையாக இருந்தால் இளசு, பல் தட்டையாகி ஈறுவரை தேய்ந்திருந்தால் கிழடு. தேய்ந்த பல் இலையைப் பொடிசாக அரைக்காது, பொடிசாக அரையாத இலை குருட்டுக்குடலில் உடையாது. ஈடுகட்ட மேலும் மேலும் தின்னும், அப்போதும் போதாது. விக்டோரியாக் காட்டில் பத்து வயதைத் தாண்டிய ஆண் கோலா ஒன்று வயிறு நிறைய இலையோடு, தோள்பட்டை குழி விழுந்து, தராசில் 8 கிலோ காட்டினால், அது ஒரு காலத்தில் 12 கிலோவாக இருந்திருக்கும்.